கை படாத வீக்கம்

முதலில் துரோகம் செய்தவன் கொம்பையா. அதில் தளவாய்க்கு இம்மியும் சந்தேகம் கிடையாது. மற்றவர்கள் பிறகு சேர்ந்துகொண்டவர்கள். கொளுத்திப் போட்டவன் ஒருத்தன், குளிர்காய வந்தவர்கள் நாலு பேர், அவ்வளவுதான். மருமகள் பொன்செல்விக்கு உடன்பிறந்த அண்ணன், பேத்தி தாரணிக்குத் தாய்மாமன் என்கிற உரிமையில் நடுவீட்டில் நின்று, பிள்ளையின் நெற்றியில் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, "இது தானா வந்த வீக்கம் இல்ல செல்வி, கை பட்ட வீக்கம்" என்று சொன்னான். சொல்லும்போது தளவாயின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான். இப்போது ஸ்கேன் அறைக்கு வெளியே ஓட்டை ஓட்டையான இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் அவருக்குத் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தொடைமேல் வைத்தால் பெரிதாகத் தெரிகின்றன. மார்பில் கட்டினால் சண்டைக்கு நிற்பவன் மாதிரி இருக்கிறது. துண்டுக்கடியில் ஒளித்துப் பார்த்தார், திருடன் மாதிரி இருந்தது, வெளியே எடுத்துவிட்டார். ஆயுசு முழுக்க டயர் பட்டறையில் பழைய டயரைச் சுரண்டிப் புது ரப்பர் ஒட்டிய கை. ரேகையெல்லாம் கறுப்பு, எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. இந்தக் கையால்தான் பேத்திக்கு இரட்டைச்சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அதை யாராவது பார்த்தார்களா? பார்த்தார்கள், பார்த்துச் சிரித்தார்கள். "பெரியவர் டயருக்கு நூல் சுத்துத மாதிரி பின்னுதாரு" என்று சிரித்தவனும் இதே கொம்பையாதான்.

அறைக்குள் மெஷின் உறுமத் தொடங்கியது. ஜெனரேட்டர் மாதிரி கொஞ்ச நேரம், அப்புறம் யாரோ இரும்புக் கதவை விரல் கணுவால் தட்டுகிற மாதிரி. அதற்குள்ளே அவளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். கையில் மருந்து ஏற்றி, தலையை அசைக்கக் கூடாதென்று இரண்டு பக்கமும் பஞ்சுக் கட்டை வைத்து. அசைக்கிற நிலையிலா இருக்கிறாள்? காலையில் ஆட்டோவில் தூக்கி வைத்தபோது கழுத்து நிற்கவில்லை. வலது கண் மூடிப் பணியாரம் மாதிரி உப்பி, நெற்றி நடுவில் அந்த வீக்கம். காலையில் பார்த்த டாக்டர் பிள்ளை (டாக்டர்தான், ஆனால் தளவாய்க்கு அவளைப் பிள்ளை என்றுதான் நினைக்க வருகிறது, கழுத்தில் ஒரு கருப்புக் கயிறு, தூக்கம் கெட்ட கண்) அந்த வீக்கத்தில் ஒரு விரலை வைத்து மெள்ள அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விரல் பட்ட மாதிரி. அவள் நிதானமாகத்தான் சொன்னாள். "கீழ விழுந்து ரத்தம் கட்டியிருந்தா பெரிய பயம் இல்ல, பெரும்பாலும் தானா வத்திரும். ஆனா எனக்கு வேற ஒண்ணு தோணுது. நெத்தி எலும்புக்குள்ள காத்து நிக்கிற சின்ன அறை இருக்கு. சளி அங்க தேங்கி, சீழாகி, எலும்பையே அரிச்சிருந்தா இப்படித்தான் வெளிய புடைக்கும். பிள்ளைங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். வெளிய வந்த மாதிரி உள்ளயும் போயிருக்கான்னு பாக்கணும்." உள்ளே என்றால் எங்கே என்று மகன் இசக்கிராஜா கேட்டான். "மூளைப் பக்கம்" என்றாள். அப்படியானால் கணக்கு இவ்வளவுதான். அடிபட்ட வீக்கம் என்று படம் சொன்னால் பிள்ளை பிழைத்தாள், தளவாய் குற்றவாளி. அடிபடாத வீக்கம் என்று சொன்னால் தளவாய் உத்தமன், பிள்ளை... அந்த இடத்தில் அவர் நினைப்பு ஒவ்வொரு தடவையும் கால் இடறி நின்றது. மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்தது. முதலில் துரோகம் செய்தவன் கொம்பையா.

போன ஞாயிற்றுக்கிழமை கொம்பையா வீட்டில் இளையவனுக்குக் காதுகுத்து. சம்பந்தி வீட்டுப் பெரியவருக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். பத்திரிகையை இசக்கிராஜா கையில் கொடுத்து அனுப்பினான். தபால் மாதிரி. தளவாய் போகவில்லை. யார் என்றாலும் போகமாட்டார்கள். அன்றைக்குத் தாரணியும் வரமாட்டேன் என்றாள். தலை வலிக்கிறதாம். மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருந்தது, அதற்கு முன்னால் பல நாளாக. ஒரு பக்கம் மட்டும் ஒழுகும், பச்சையாக, கெட்ட வாடையோடு. பள்ளிக்கூடம் போகிற வழியில் அவரே தன் துண்டால் துடைத்து விட்டிருக்கிறார். சளி பிடிக்காத பிள்ளை உண்டா? அவருக்கும் தோன்றவில்லை. ஒருவருக்கும் தோன்றவில்லை. "குனிஞ்சா நெத்திக்குள்ள கல்லு உருளுத மாதிரி இருக்கு தாத்தா" என்றாள். அவர் என்ன நினைத்தார்? திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை, அதற்கான கல் என்று நினைத்தார். "ஏட்டி, ஒங்க டீச்சரு வந்து உருட்டுதாளோ?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். சிரித்ததும் வலித்து முகத்தைச் சுளித்தாள். பிறகு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தரை சில்லென்று இருக்கிறதென்று நெற்றியைத் தரையில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை. சோறு ஆறுகிறது. தயிரை ஊற்றிப் பிசைந்து வைத்தாயிற்று. மறுபடி கூப்பிட்டார், மறுபடி. அப்புறம் குரல் தானாக ஏறியது. பட்டறையில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல், அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "எந்திக்கப் போறியா, என்னன்னு கேக்கவா?" அவ்வளவுதான் சொன்னார். அந்தச் சத்தத்தைத்தான் பக்கத்து வீட்டு ராசம்மாள் கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை, சாயங்காலம் மருமகள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து சொல்லிவிட்டாள். "ஒங்க மாமா போட்ட சத்தத்துல எங்க வீட்டுப் பாத்திரம் அதுந்துச்சு செல்வி. பிள்ளை அழுத மாதிரியும் இருந்துச்சு." அழவில்லை. தாரணி அழவில்லை. எழுந்துவந்து இரண்டு வாய் தின்றாள். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு "வாடையே தெரியல தாத்தா, தயிரா மோரா" என்று கேட்டாள். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

கேட்காதவனிடம் வலியப் போய்ச் சொல்லுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பட்டறை முதலாளியிடம் சொல்லவில்லை, கொதிகலன் வால்வு பழுதானது தன்னால் இல்லை என்று. கேட்டால் சொல்லலாம். கேட்காமல் தீர்ப்பு எழுதுகிறவனிடம் என்ன பேச்சு? அதற்காக அந்த முதலாளி செத்தபோது கேதத்துக்கும் போகவில்லை. அப்படி இருந்தவர்தான். அன்று இரவு, பிள்ளை நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு எழும்பிவிட்ட வீக்கத்தைச் சுற்றி எல்லோரும் நின்றபோது, கேள்விப்பட்டு வந்த கொம்பையா தன் வார்த்தையைச் சொன்னபோது, அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தார். தாரணிதான் சொன்னாள். "தாத்தா அடிக்கல மாமா. நான் விழவும் இல்ல." அதற்குப் பொன்செல்வி அவள் வாயைப் பொத்துகிற மாதிரி அணைத்துக்கொண்டு, "நீ பயப்படாத, அம்மா இருக்கேன்ல" என்றாள். பிள்ளைக்குத் தாத்தா மேல் உயிர், அதனால் மறைக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். பாசம் வைத்தால் அதுவும் சாட்சிக்கு உதவாமல் போகிறது. இசக்கிராஜா? அவர் பெற்ற மகன்? சுவரில் சாய்ந்து நின்று தரையைப் பார்த்தான். சின்னதில் அவனை அவர் அடித்திருக்கிறார். எந்தத் தகப்பன் அடிக்கவில்லை? அடி வாங்கினவன் அதைக் கல்யாணமான புதிதில் பெண்டாட்டியிடம் வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறான். எங்கப்பா கை பட்டா ரெண்டு நாளைக்குத் தடம் போவாது, என்று. சொன்னவன் மறந்துவிட்டான், கேட்டவள் மறக்கவில்லை. அந்தக் கதை இத்தனை வருஷம் வீட்டுக்குள் எங்கேயோ மூலையில் கிடந்து, சமயம் பார்த்து எழுந்து வந்துவிட்டது.

"அசையாம இருக்காளா?" பொன்செல்வியின் குரல். ஸ்கேன் அறைக் கதவைப் பாதி திறந்து வெளியே வந்த நர்ஸைக் கேட்கிறாள். "தூக்க மருந்து குடுத்திருக்கும்மா, இருப்பா" என்றபடி நர்ஸ் கையில் எதையோ நீட்டினாள். யார் பக்கத்தில் இருந்தார்களோ அவர்களிடம் நீட்டினாள். தளவாய்தான் பக்கத்தில் இருந்தார். தாரணியின் கம்மல், கொலுசு, சடையில் குத்தியிருந்த பட்டாம்பூச்சிக் கிளிப். மெஷினுக்குள் உலோகம் ஆகாதாம். உள்ளங்கையில் விழுந்ததும் கம்மல் இன்னும் சூடாக இருக்கிற மாதிரி பட்டது. காய்ச்சல் சூடு. அவர் விரல்களை மடக்கினார், சூடு போய்விடக் கூடாது என்கிற மாதிரி. மடக்கிய மறு நொடியே பொன்செல்வி எதிரே நின்று கையை ஏந்தினாள். பேசவில்லை. அவர் ஒவ்வொன்றாக அவள் கையில் வைத்தார். விரல் விரலில் படாதபடி வைத்தார். இந்த வாரம் முழுக்க இப்படித்தான். சாப்பாட்டைத் தட்டில் வைத்துக் கதவருகே நகர்த்திவிட்டுப் போனாள். பிள்ளையின் பாயை உள் அறைக்கு மாற்றினாள். பிள்ளைக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடும்போது கதவைச் சாத்தினாள். அவர் தன் கட்டிலில் படுத்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் அசந்த நேரம், நெற்றியில் மஞ்சள் காய்ந்து உதிர, சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே வந்தாள். வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தாத்தா, நீ அடிச்சேன்னு சொல்லச் சொல்லுதாவ. சொன்னா எதுவும் செய்ய மாட்டாவளாம். நான் சொல்லல." "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானட்டி, அவங்க ஆசையும் தீந்துரும்" என்றார் அவர், கோபத்தில். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை அப்போதே. "பொய் சொன்னா நீ எங்கூட பேச மாட்டியே" என்றாள். ஆமாம், பேசமாட்டார். அவருடைய குணம் அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை. அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு யாரிடம் சொன்னார்? சொன்னால், "பிள்ளைகிட்ட எதுக்குப் போனீய?" என்பார்கள். சொல்லவில்லை. நினைப்பு இந்த இடத்துக்கு வந்ததும் அவர் எழுந்து நின்றார், முழங்கால் சொடுக்கியது, உட்கார்ந்தார். இதில் என் பங்கு என்ன இருக்கிறது, ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தினவர்கள் அவர்கள். உள்ளூர் டாக்டரிடம் பொய் சொன்னவர்கள் அவர்கள். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அநியாயம். மறுநாள் காலையில் கொம்பையா தன் காரிலேயே பிள்ளையை அந்த டாக்டரிடம் கொண்டுபோனான். தளவாயும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார், யாரும் வேண்டாம் என்று சொல்லத் துணியவில்லை. டாக்டர் அறை வாசலில் கதவு கிடையாது, பச்சைத் திரைதான். திரைக்கு இந்தப் பக்கம் அவர் நின்றார். அந்தப் பக்கம் பொன்செல்வி குசுகுசுவென்று, "உண்மையச் சொன்னா போலீசு கேசுன்னு ஆயிரும்ணே, வயசான காலத்துல" என்றாள். "நீ பேசாம இரு, நான் பாத்துக்கிடுதேன்" என்றான் கொம்பையா. பிறகு குரலை உயர்த்தி டாக்டரிடம், "பாத்ரூம்ல வழுக்கி வாளி விளிம்புல முட்டிக்கிட்டா டாக்டர்" என்றான். அந்த மனுஷர் என்ன செய்வார்? தாய்மாமன் சொல்கிறான், தாய் தலையாட்டுகிறாள், நெற்றியில் வீக்கம் இருக்கிறது. வலிக்கு மாத்திரை, தடவ மருந்து, வாந்தி வந்தால் உடனே கூட்டி வாருங்கள். மாத்திரையில் காய்ச்சலும் அமுங்கிப்போனது. தளவாயைக் காப்பாற்றிவிட்டார்களாம். அவர் செய்யாத கொலையிலிருந்து அவரைக் காப்பாற்றிவிட்டார்களாம். குடும்ப மானத்தைப் பொத்திக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்களாம். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற அவருக்கு உச்சந்தலை கொதித்தது. உள்ளே போய், பொய் சொல்லுதான், விழவே இல்லைன்னுதான் பிள்ளை சொல்லுதா என்று சொல்லியிருக்கலாம். திரையை விலக்க ஒரு கை போதும். அந்தத் திரையின் கீழ் ஓரத்தில் தையல் பிரிந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ குழந்தை இழுத்திருக்கும். நல்ல கெட்டித் துணிதான். அவர் அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்காதவனிடம் என்ன பேச்சு என்று நின்றார்.

மெஷின் சத்தம் மாறியது. இப்போது தவளைக் கூட்டம் கத்துகிற மாதிரி. அவருக்குத் திடீரென்று பட்டறை நினைவு வந்தது. டயர் பக்கவாட்டில் ஒரு இடத்தில் மட்டும் கொழுக்கட்டை மாதிரிப் புடைத்திருக்கும். ஓட்டுநர்கள் கல்லில் ஏறிவிட்டது என்பார்கள். பல நேரம் கல் காரணமாக இருக்காது. உள்ளே நூல் அறுந்து காற்று வழி தேடிக்கொண்டு வெளியே தள்ளியிருக்கும். ஆயுசு முழுக்க அதைத் தடவித் தடவிப் பார்த்தவர். பிள்ளை நெற்றியைப் பார்த்து அது தோன்றியதா? இல்லை. அவரும், பிள்ளை எங்கேயோ முட்டிக்கொண்டுவிட்டு மறைக்கிறாள் என்றுதான் நினைத்தார், சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். தாரணி சொன்னதை நம்பியது அந்த டாக்டர் பிள்ளை ஒருத்திதான். இன்று காலையில் இங்கேயும் கொம்பையா, "விழுந்துட்டா டாக்டர், ஒரு வாரம் ஆச்சு" என்று ஆரம்பித்தான். அவள் கேட்டுக்கொண்டே வீக்கத்தை அழுத்தினாள், கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள், மூக்குக்குள் விளக்கு அடித்துப் பார்த்தாள். பிறகு, "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். உள்ளே பிள்ளையிடம் என்ன கேட்டாளோ, பிள்ளை அந்த மயக்கத்திலும் என்ன சொன்னாளோ. வெளியே வந்து கொம்பையாவைத் தாண்டி, பொன்செல்வியைத் தாண்டி, எல்லோருக்கும் பொதுவாக, "சளி எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டாள். விழுந்தது எப்போது என்று கேட்கவில்லை. சளி எத்தனை நாளாக என்று கேட்டாள். அப்போது தளவாய்க்குள்ளே ஒன்று குதித்தது. வெட்கம் கெட்ட குதிப்பு. பார்த்தாயாடா கொம்பையா என்று குதித்தது.

இப்போது அதை நினைத்தால் குமட்டுகிறது. பிள்ளை தலைக்குள் சீழ் என்று ஒருத்தி சொல்கிறாள், இந்தக் கிழட்டு மனசு குதிக்கிறது. அவர் கண்ணை மூடினார். சுடலைமாடா, நான் அடிச்சதாவே இருக்கட்டும். என் கை பட்டதாவே படத்துல வரட்டும். ரத்தக்கட்டுன்னு வரட்டும், நான் ஜெயிலுக்கே போறேன், ஊர் காறித் துப்பட்டும், பிள்ளை தானா வத்திப்போற வீக்கத்தோட வீட்டுக்கு வரட்டும். முழு மனசோடு கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் மூடிய கண்ணுக்குள்ளே டாக்டர் பிள்ளை வருகிறாள், படத்தைத் தூக்கிப் பிடிக்கிறாள், அடியே படவில்லை என்கிறாள், கொம்பையாவின் முகம் தொங்குகிறது, பொன்செல்வி ஓடிவந்து காலைப் பிடிக்கிறாள், மாமா மன்னிச்சிருங்க. அந்தக் காட்சி வெல்லம் மாதிரி தித்தித்தது. சீ என்று கண்ணைத் திறந்தார். மறுபடி மூடினார். மறுபடி வேண்டினார். மறுபடி அதே காட்சி, இந்தத் தடவை இசக்கிராஜாவும் சேர்ந்து. நாய் வாந்தியைச் சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி மனசு அந்த இடத்துக்கே வந்தது. இரண்டையும் ஒன்றாகக் கேட்க முடியாதா, பிள்ளையும் வேண்டும், என் பேரும் வேண்டும் என்று? எந்தச் சாமியிடம் அப்படிக் கேட்பது? சாமியே கேட்குமே, தளவாய், ஒன்றைச் சொல் என்று. பிள்ளைதான். பிள்ளைதான் சாமி. சொல்லிவிட்டுக் காத்திருந்தார், மனசு குறுக்கே எதுவும் பேசுகிறதா என்று. சும்மாதான் இருந்தது. ஆனால் அதை அவர் நம்பவில்லை.

"மாமா, காப்பி." கண்ணைத் திறந்தால் கொம்பையா. காகிதக் குவளையில் ஆவி. வேட்டி கசங்கி, சட்டைப் பையில் மாத்திரைச் சீட்டு நீட்டிக்கொண்டு நிற்கிறான். "வேண்டாம்." "காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கலியே." "பசிக்கல." அவன் குவளையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுத் தானும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள என்ன வந்தாலும் சரி, நாங்க வெளிய யாருகிட்டயும் மூச்சு விட மாட்டோம் மாமா. அத நெனச்சு நீங்க ஒடம்பக் கெடுத்துக்கிட வேண்டாம்" என்றான். தளவாய் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். உண்மையாகவே சொல்கிறான். பெரிய மனசு பண்ணுகிறான், படுபாவி. "ஒம்ம பெரிய மனசுக்கு ஒரு செல வைக்கணும்வே" என்றார். "காதுகுத்துக்குக் கூப்பிட வாயில்ல, மன்னிக்க மட்டும் வாய் இருக்கோ?" கொம்பையாவுக்கு முகம் சிவந்தது. "இந்த நேரத்துல காதுகுத்தப் பேசுதீயளே மாமா." "எந்த நேரத்துல பேசணும்? நேரம் பாத்தா நீ பேசின?" இசக்கிராஜா கதவருகிலிருந்து, "அப்பா" என்றான், ஒற்றைச் சொல். ஒரு வாரத்தில் அவன் அவரிடம் பேசிய முதல் சொல். அதுவும் அடக்குவதற்கு. காப்பி ஆறி மேலே ஆடை கட்டியது. ஈ ஒன்று விளிம்பில் நடந்து சுற்றி வந்தது. உள்ளே சத்தம் நின்றுவிட்டதை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

சத்தம் நின்றதும் அந்த வராந்தா பயங்கரமாகப் பெரிதாகிவிட்டது. கதவு திறந்து தள்ளுவண்டி வந்தது. வெள்ளைத் துணி மூடிய சின்ன உடம்பு, கால் கட்டைவிரலில் மட்டும் பழைய மருதாணி ஆரஞ்சாக. பொன்செல்வி கூடவே ஓடினாள். தளவாயும் எழுந்தார், யாரும் தடுக்கவில்லை, ஆனால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வண்டி திரும்பிப் போயிற்று. சிறிது நேரம் கழித்து டாக்டர் பிள்ளை வந்தாள். கூட இரண்டு பேர். ஒருவர் காது மூக்கு தொண்டை, ஒருவர் மூளை ஆபரேஷன் டாக்டர் என்றாள். படத்தைத் தூக்கிப் பிடிக்கவில்லை. தளவாய் மனசில் எத்தனையோ தடவை தூக்கிப் பிடித்த படம் அவள் கையிலேயே இல்லை. "நான் பயந்த மாதிரிதான் இருக்கு" என்றாள். "சளி நெத்தி அறையில தேங்கிச் சீழ் வச்சிருக்கு. எலும்பு அரிச்சிருக்கு. உள்ள, எலும்புக்கும் மூளைக்கும் நடுவுல கொஞ்சம் இறங்கியிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்." கொம்பையா, "அப்ப விழுந்தது?" என்றான். "விழுந்ததாலயும் இல்ல, யாரும் அடிச்சதாலயும் இல்ல" என்றாள் அவள். அடிச்சதால என்ற வார்த்தையை அவளாகத்தான் சேர்த்தாள். பிள்ளை சொல்லியிருக்க வேண்டும். "விழுந்துட்டாள்னு முதல்ல சொன்னது யாரு? அங்க பாத்த டாக்டர்கிட்ட சளி, காய்ச்சல்னு சொல்லியிருந்தா ஒருவேளை அப்பவே இத யோசிச்சிருப்பாங்க." தளவாய்க்கு அந்தத் தையல் பிரிந்த நூல் கண் முன்னால் வந்து தொங்கியது. பச்சை நூல். அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நாந்தான் டாக்டர்" என்றான் கொம்பையா. குரல் ஒரு பொட்டலம் அவிழ்கிற மாதிரி வந்தது. "நாந்தான் சொன்னேன்." டாக்டரிடம் சொன்னான். அவளுக்கு அதைக் கேட்க நேரமில்லை. கையெழுத்து, ரத்தம், பிள்ளையின் எடை என்று அடுத்ததற்குப் போய்விட்டாள். "பொழச்சிருவால்லா?" என்று பொன்செல்வி கேட்டாள். "இன்னைக்குத் தெரிஞ்சது நல்லது. நாளைக்கின்னா இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் இருந்திருக்காது. இப்பவும் உறுதியாச் சொல்ல முடியல. முயற்சி பண்ணுதோம்மா."

அவ்வளவுதான். அது வந்துவிட்டது. அவர் உத்தமன் என்கிற தீர்ப்பு. வந்து, வராந்தாவில் எல்லோர் காலடியிலும் கிடந்தது, குனிந்து எடுக்க ஆளில்லை. யாரும் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. இசக்கிராஜா கையெழுத்துப் போட ஓடினான். பொன்செல்வி சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். தித்திப்பு எங்கே? நாக்கில் துழாவினார். உலர்ந்த மண் மாதிரி இருந்தது. இதற்காகவா இத்தனை நாள் உறங்காமல் கிடந்தோம் என்று இருந்தது. அடிச்சதாவே இருக்கட்டும் என்று கேட்டேனே சுடலைமாடா, கேட்டேனா இல்லையா, அந்த ஒரு தடவையாவது மனசு குறுக்கே பேசாமல்தானே கேட்டேன், அதையாவது எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா? அவர் பொன்செல்வியின் பக்கத்தில் போய் நின்றார். என்ன சொல்வது? "தரை சில்லுன்னு இருக்கு, மேல உக்காரு" என்றார். அவள் நிமிரவில்லை. ஆனால் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ரத்தம் எடுக்கிற பையன் வந்து, சொந்தக்காரர்கள் யார் கொடுக்கிறீர்கள் என்று கேட்டான். தளவாய் சட்டைக் கையை மேலே சுருட்டினார். "ஒங்களுக்கு வயசாயிட்டு தாத்தா, எடுக்க மாட்டாவ" என்றான். அந்தக் கையைக்கூட வேண்டாம் என்கிறார்கள். கொம்பையாதான் போனான். போய்விட்டு முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி திரும்பி வந்தான்.

ஆபரேஷன் அறை மாடியில் இருந்தது. அதன் வாசலில் உட்கார நாற்காலி இல்லை, படிக்கட்டில்தான் உட்கார வேண்டும். நாலு பேரும் நாலு படியில் உட்கார்ந்தார்கள். சன்னல் வழியே மத்தியான வெயில் வந்து படியில் விழுந்தது, தாமிரபரணிப் பக்கமிருந்து காற்று வந்தது, கீழே யாரோ இட்லிப் பொட்டலம் விற்றார்கள். உலகம் இப்படி இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் தலைமுடியை வழித்திருப்பார்களா, எவ்வளவு வழித்திருப்பார்கள் என்று நினைப்பு ஓடியது. முன்னால் மட்டும் என்றால் பின்னால் சடை மிஞ்சும். முழுக்க என்றால் வளர நாளாகும். வளரட்டும். மொட்டையோடு பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகள் கேலி செய்யும். செய்யட்டும், அவர் கூடவே போவார், ஒரு சத்தம் போட்டால் தெருவே அடங்கும். ஒரு சத்தம். அந்த நினைப்பு பாதியில் நின்றது. கொம்பையா கீழ்ப் படியிலிருந்து எழுந்து மேலே வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பஞ்சு இன்னும் கையில் இருந்தது, நடுவில் சிவப்புப் பொட்டு. கண் வீங்கியிருந்தது. அவன் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "மாமா" என்றான். தளவாய்க்குத் தெரிந்துவிட்டது. வருகிறது. இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. இப்போது வாங்கிக்கொண்டால் என்ன ஆகும்? வாங்கிக்கொண்டால் முடிந்துவிடும். உள்ளே அவள் தலை திறந்து கிடக்கிறபோது, வெளியே இரண்டு பேர் கணக்கு முடித்துக்கொண்டால், அப்புறம் எதற்கு அவள் எழுந்து வர வேண்டும்? ஒரு வாரமாக ஒற்றை ஆளாக உண்மையைச் சொன்னவள் அவள். ஒருவரும் நம்பாத உண்மை. இவன் அவரிடம் மட்டும் கடன்பட்டவனில்லை, அவளிடமும் கடன்பட்டிருக்கிறான். அவள் இல்லாமல் இதை எப்படி வாங்குவது?

"மாமா, நான் அன்னைக்கு..."

"இப்பம் சொல்லாத."

கொம்பையா நிமிர்ந்து பார்த்தான்.

"பிள்ளை வரட்டும்" என்றார் தளவாய். குரல் மெதுவாக வந்தது, அவருக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை. "கண்ணு தொறந்து, எந்திச்சு உக்காரட்டும். அவ கேக்க, அவ முன்னால சொல்லு. எங்கிட்டத் தனியாச் சொன்னா நான் வாங்கிக்கிட மாட்டேன்."

"ஒருவேளை..." என்று ஆரம்பித்த கொம்பையா அந்தச் சொல்லை முடிக்கவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"சொல்லித்தான் ஆகணும்" என்றார் தளவாய், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே. "விட்டுருவேன்னு மட்டும் நெனைக்காத. நான் விட மாட்டேன்."